கதிரேசனைச் சாகவிடாத பேச்சியம்மாள்

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். கைப்பேசியில் பேச்சியம்மாளின் பெயரைப் பார்த்ததும் சண்டைக்குத் தயாராகிவிட்டேன். வியாழக்கிழமை வர வேண்டிய அழைப்பு ஒருநாள் தள்ளி வருகிறது என்றால், இந்த வார அத்தியாயத்தைப் பற்றிச் சொல்ல அவருக்கு நல்ல வார்த்தை ஒன்றும் கிடைக்கவில்லை என்றுதானே அர்த்தம்? "என்ன பேச்சியம்மா, இந்த வாரமும் நான் தேறலையோ?" என்று நானே முந்திக்கொண்டேன். மறுமுனையில் இருந்தது அவருடைய மருமகள். "மாமா, நான் செல்வி பேசுதேன். அத்த தவறிட்டாவ. நேத்து விடியக்காலம் நெஞ்சு வலிக்குன்னாவ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுட்டு. சாயங்காலமே எடுத்தாச்சு. பதட்டத்துல ஒங்களுக்குச் சொல்லணும்னு தோணாம போச்சு" என்றாள். கேலியாகக் கேட்ட வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

'மூன்று சாவி வீடு' தொடரின் வாசகர்களே, உங்களில் பலர் சென்ற மாதம் எனக்குக் கோபமாக எழுதியிருந்தீர்கள். செத்து, காரியமும் முடிந்துவிட்ட கதிரேசன் எப்படி ஐயா வாசலில் வந்து நிற்கிறான் என்று கேட்டீர்கள். "வயதாகிவிட்டது, பேனாவை மூடி வையுங்கள்" என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார். கோபம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கேள்வி நியாயமானது. அதற்கான பதில் பேச்சியம்மாள்தான். அவரைப் பற்றிச் சொல்லிவிட்டால் பதிலும் சொன்னதாகிவிடும்.

தொடரைப் படிக்காதவர்களுக்காக இரண்டு வரி. ஆற்றங்கரையில் ஒரு பெரிய வீடு. அதில் ஒரு பூட்டிய அறை. மூன்று சாவியும் சேர்ந்தால்தான் பூட்டு திறக்கும். மூன்று பிள்ளைகளிடம் ஆளுக்கொரு சாவி; கடைசிப் பிள்ளைதான் வள்ளி. நடுப்பிள்ளை கதிரேசன் பத்தொன்பது வயதில் அப்பாவிடம் கோபித்துக்கொண்டு, தன் சாவியோடு தூத்துக்குடியில் கப்பலேறிப் போனவன். அவன் வருவானா என்பதை வைத்துத்தான் மூன்று பாகத்தை ஓட்டினேன். வாராவாரம் ஓர் அத்தியாயம். வியாழக்கிழமை காலையில் இதழ் திருநெல்வேலிக் கடைகளுக்கு வந்துவிடும்.

இரண்டாம் பாகம் ஓடிக்கொண்டிருந்தபோது பேச்சியம்மாள் முதன்முதலாக அழைத்தார். பத்திரிகை அலுவலகத்தை நாலு நாள் விடாமல் நச்சரித்து என் எண்ணை வாங்கியிருக்கிறார். வணக்கம், நலமா ஒன்றும் கிடையாது. "அண்ணாச்சி, நீங்க அம்பாசமுத்திரம் போயிருக்கியளா?" என்றார்.

"நான் பொறந்து வளந்ததே அந்தப் பக்கந்தாம்மா" என்றேன்.

"பொறவு ஏன் இப்படி எழுதுதிய? வள்ளி சாயங்காலம் அஞ்சு மணிக்கு அம்பாசமுத்திரத்துல பஸ் ஏறி திருநவேலிக்கு வாரா. வழியெல்லாம் வெயிலு மொகத்துல அடிக்கி, அதுல கண்ணு கலங்குனதா மத்தவங்க நெனச்சாவன்னு எழுதியிருக்கிய. பஸ்ஸு கெழக்க பாத்துல்லா வருது? சாயங்கால வெயிலு முதுகுலல்லா அடிக்கும்? ஒருவேள வள்ளி திரும்பி உக்காந்திருந்தாளோன்னு ரெண்டு தடவ படிச்சுப் பாத்தோம். அப்படியும் நீங்க எழுதல."

அசடு வழிந்தேன். அந்தப் பாதையில் ஆயிரம் தடவை போய்வந்தவன் நான். "அடுத்த தடவ பாத்து எழுதுதேம்மா" என்றதும் குரல் உடனே குளிர்ந்துவிட்டது. "தப்பு கண்டுபிடிக்கணும்னு இல்ல அண்ணாச்சி. வள்ளி அழும்போது நாங்களும் அழுதுட்டோம். அழுத பொறவுதான் வெயிலு ஞாபகம் வந்துச்சு" என்றார். அன்றிலிருந்து வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அவருடைய அழைப்பு தவறியதில்லை. என் மனைவி அந்த நேரத்தில் என்னிடம் எந்த வேலையும் சொல்ல மாட்டாள்.

"நாங்க" என்று அவர் சொன்னது யாரை என்று நேரில் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பேட்டையில் ஒரு லேத் பட்டறையை ஒட்டித் தகரக் கூரை போட்ட நீளமான இடம். ஏழு பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். பக்கத்தில் இயந்திரம் ஓடும்போது ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. பட்டறை மதியச் சாப்பாட்டுக்கு நிற்கும் அந்த முக்கால் மணி நேரத்தில்தான் வாசிப்பு. வியாழக்கிழமை மட்டும் பட்டறைக்காரர் சாப்பிட்டுக் கைகழுவ வெகுநேரம் எடுத்துக்கொள்வார். அவரும் சுவருக்கு அந்தப் பக்கம் கதை கேட்கிற ஆள் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் காட்டிக்கொள்வதில்லை.

வாசிக்கிறவரால் பீடி சுற்ற முடியாதல்லவா? அதனால் மற்ற ஆறு பேரும் தாங்கள் சுற்றுவதில் ஆளுக்குக் கொஞ்சம் பேச்சியம்மாளின் தட்டில் போட்டுவிடுவார்கள். அது அவர்களுக்குள் எப்போதோ ஏற்பட்ட வழக்கம். நான் போனபோது அதைவிட முக்கியமான ஒன்றைப் பேச்சியம்மாள் சொன்னார். "மொகத்தப் பாத்தா ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி, கையப் பாக்கணும். கத நல்லாருந்தா கை நின்னுரும். இலைய நறுக்கப் போனவ கத்திரியத் தூக்குனபடியே இருப்பா. கை விறுவிறுன்னு ஓடுச்சுன்னா நீங்க சரியா எழுதலன்னு அர்த்தம்." எனக்கு வந்த விமர்சனங்களில் இப்படி ஒளிவு மறைவில்லாத விமர்சனத்தை நான் கண்டதில்லை. "இந்த வாரம் எல்லாரும் நெறைய சுத்திட்டோம்" என்று அவர் சொன்னால் அன்று எனக்குச் சாப்பாடு இறங்காது.

இன்னொரு சட்டமும் அங்கே இருந்தது. வாசிக்கிறவர் முன்கூட்டி ஒரு வரிகூடப் படிக்கக் கூடாது. கடையில் வாங்கிய இதழை மடித்தபடியே கொண்டுவந்து எல்லோர் முன்னாலும்தான் பிரிக்க வேண்டும். "நான் மட்டும் முந்தித் தெரிஞ்சுக்கிட்டா அது களவுல்லா?" என்பார். அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. அந்தப் பெருமைதான் பிற்பாடு அவரை மாட்டிவிட்டது.

அந்த ஏழு பேரில் மதலேனம்மாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். உவரிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். தங்கை வீட்டோடு இருக்க பேட்டைக்கு வந்தவர், பீடி சுற்றக் கற்றுக்கொண்டுவிட்டார். பள்ளிக்கூடம் போனதில்லை. அவருடைய ஒரே மகன் தூத்துக்குடியிலிருந்து தோணியில் சரக்கோடு மாலத்தீவு போனவன், அங்கே இறங்கி வேறு ஏதோ கப்பலில் வேலைக்கு ஏறிவிட்டதாகச் சொன்னார்கள். அதன்பிறகு ஆறு வருஷமாக ஒரு தகவலும் இல்லை. இருக்கிறான் என்று ஜெபம் செய்வதா, ஆத்துமத்துக்குப் பூசை வைப்பதா என்று தெரியாமல் அந்த அம்மாள் நடுவில் நின்றுகொண்டிருந்தார். மகனைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை. நான் போயிருந்த அன்று என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "கதிரேசன் வந்துருவாம்லா?" எல்லா எழுத்தாளனும் சொல்வதைப் போல, "பொறுத்திருந்து பாருங்க" என்று சிரித்துவிட்டு வந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது கூசுகிறது.

நாலாம் பாகத்தில் கதிரேசனைக் கொன்றேன். அதற்குப் பெரிய இலக்கியக் காரணம் எதுவும் கிடையாது. கதை தொய்ந்துபோயிருந்தது; ஒரு சாவு விழுந்தால் நாலு வாரம் ஓடும். கப்பல் கம்பெனியிலிருந்து ஒரு பார்சல் வருகிறது. உள்ளே சாவியும் ஒரு கடிதமும் இருக்கின்றன. காய்ச்சலில் போய்விட்டான், கடலிலேயே அடக்கம் செய்துவிட்டோம் என்று கடிதம். எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. நன்றாக வந்திருக்கிறது என்று மனைவியிடம் சொல்லிக் காப்பி போடச் சொன்னேன்.

அந்த வியாழக்கிழமை அழைப்பு ஐந்து மணிக்குத்தான் வந்தது. குரல் தாழ்ந்திருந்தது, எங்கோ ஒதுங்கி நின்று பேசுவது தெரிந்தது. "அண்ணாச்சி, ஒரு வேல செஞ்சுட்டேன். ஏசக் கூடாது."

"சொல்லும்மா."

"பார்சலப் பிரிக்காவ, சாவி இருக்குன்னு படிச்சேன். அடுத்த வரியப் பாத்தா 'கதிரேசன் இனி வரமாட்டான்'னு போட்டிருக்கு. தலைய நிமித்துதேன், மதலேனக்கா இலையக் கையில வச்சுக்கிட்டு என் வாயையே பாக்கா. எனக்கு வரல அண்ணாச்சி. 'கூடிய சீக்கிரம் வாரேன், சாவிய முந்தி அனுப்புதேன்'னு கதிரேசன் எழுதியிருக்கான்னு படிச்சுட்டேன்."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. என் வாழ்நாளில் நன்றாக அமைந்த ஓர் அத்தியாயம்! "யாரைக் கேட்டு மாத்துன? கதை உன் வீட்டுக் கோலமா, நெனச்ச பக்கம் இழுக்க?" என்று கத்தினேன்.

"யாரைக் கேக்க நேரமிருந்துச்சு? எல்லாரும் எதுக்க உக்காந்திருக்காவ."

"அதுக்காக?"

"நீங்க அவனக் கொல்லும்போது என்னையக் கேட்டியளா? நான் பொழைக்க வச்சதுக்கு மட்டும் கேக்கிய" என்றார் பேச்சியம்மாள். தோற்றவன் செய்கிற வேலையைத்தான் செய்தேன், அழைப்பைத் துண்டித்தேன்.

அடுத்த வியாழன் அழைக்க மாட்டார் என்று நினைத்தேன். சரியாக மூன்று மணிக்கு அழைத்தார், ஒன்றுமே நடக்காதது போல. "அண்ணாச்சி, பதினாறாம் நாள் விசேசத்த விலாவரியா எழுதியிருக்கிய. பந்தலு, சமையலு, சொந்தக்காரங்க சண்ட எல்லாம் ஜோரா இருக்கு. செத்தவன் இல்லாம அத எப்படிப் படிக்க? காதுகுத்துன்னு மாத்திட்டேன். வள்ளி பிள்ளைக்குக் காது குத்துதாவ. ஆனா ஒரு சங்கடம். எல்லாரும் அழுதாங்கன்னு எழுதியிருக்கிய. காதுகுத்துல பிள்ளதான அழும்? எல்லாரும் ஏன் அழுதாவன்னு எங்ககூட பீடி சுத்துத கனி கேட்டுட்டா. புகைன்னு சொல்லிட்டேன்."

விழுந்து விழுந்து சிரித்தேன். கோபத்தை எங்கே தொலைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. "சரி, கதிரேசன் இப்ப எங்க இருக்கான்?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"கொழும்புல நிக்கான். காய்ச்சல்னு நீங்க எழுதிட்டியள்லா, அது வீணாப் போகக் கூடாதுன்னு காய்ச்சல மட்டும் எடுத்துக்கிட்டேன். ஒரு சாயாக்கடைக்காரரு வீட்டுல படுத்திருக்கான். பைய எழும்பட்டும்."

இப்படியே ஏழு வாரம் ஓடியது. அச்சில் வந்த கதையில் பங்காளிகள் சாவியைப் பறிக்க நீதிமன்றம் போனார்கள். பேட்டையில் ஓடிய கதையில் கதிரேசன் கஞ்சி குடித்தான், சாயாக்கடையில் கோப்பை கழுவினான், ஊருக்குப் போகக் கூச்சப்பட்டுக்கொண்டு துறைமுகம்வரை வந்து இரண்டு தடவை திரும்பிப் போனான். முன்னால் பிரித்து வைத்த ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, ஒன்றைக் கண்ணால் படித்து மற்றதை வாயால் சொல்லியிருக்கிறார் அந்த அம்மாள். நீதிமன்றக் காட்சியைப் படித்துக்கொண்டே கொழும்பை யோசிக்க வேண்டும்! வாசிப்பு முடிந்ததும் இதழை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுவாராம். மருமகள் கேட்டாள், அடுத்த வீட்டில் கேட்டார்கள் என்று வாரம் ஒரு காரணம். என்னிடம் ஒவ்வொரு வாரமும் ஒரே வேண்டுதல். "ஒத்த வரி எழுதிருங்க அண்ணாச்சி. பார்சலு ஆள் மாறி வந்துட்டுன்னு. எம் பாவமும் போகும், ஒங்க பாவமும் போகும்."

நான் மசியவில்லை. செத்தவனை எழுப்பினால் ஊர் சிரிக்கும் என்றேன். கதைக்கென்று ஒரு நேர்மை உண்டு என்றேன். இதையெல்லாம் சொன்ன வாய்தான், நாலு வாரம் ஓட்டுவதற்காக ஒரு பிள்ளையைக் கடலில் போட்டது.

கடைசியாக அவர் பேசிய வியாழக்கிழமை, குரலில் விளையாட்டு இல்லை. "அண்ணாச்சி, தெரியாம தூத்துக்குடி வரைக்கும் கொண்டாந்துட்டேன். தோணில இருந்து எறங்கிட்டான். கை எல்லாம் அப்படியே நின்னுட்டு. மதலேனக்கா எந்திரிச்சு என் கையப் புடிச்சுக்கிட்டா. இனிமே எங்கன நிறுத்த? அடுத்த வாரம் வீட்டுக்குள்ள வந்தாகணும். வந்தா, பொறவு அவ எங்கிட்ட என்ன கேப்பான்னு எனக்குத் தெரியும்."

"என்ன கேப்பாங்க?"

"கதிரேசனே வந்துட்டான், எம்புள்ளைக்கு என்னன்னு கேப்பா. அதுக்கு எந்தப் பக்கத்தப் பாத்து நான் படிக்க?"

அப்போது எனக்கு எங்கிருந்துதான் அந்த நியாயம் வந்ததோ. "பேச்சியம்மா, செத்தவனை எத்தனை நாள் நடக்க விடுவ? இது அந்த அம்மாவுக்குச் செய்யிற கெடுதல். உண்மையச் சொல்லிரு" என்றேன். "சரி அண்ணாச்சி. வியாழக்கிழம சொல்லிருதேன்" என்றார். அதுதான் நான் கேட்ட கடைசி வார்த்தை. அந்த வியாழக்கிழமை விடியும்போதே போய்விட்டார். புதன்கிழமை முழுக்க அத்தை யாரோடும் பேசவில்லை என்று செல்வி பிறகு சொன்னாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இருதயக் கோளாறு ரொம்ப நாளாகவே இருந்திருக்கிறது என்றும் அவளே சொன்னாள். என் மனசு ஆறவில்லை. சொல்லியிருக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குத் துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்கப் போனேன். வீட்டுக்கு அடுத்த வாசலிலிருந்த பட்டறை ஓடவில்லை. ஆறு பெண்களும் அந்தத் தகரக் கூரைக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தார்கள், மடியில் தட்டு இல்லாமல். வெறுங்கையை எங்கே வைப்பதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. செல்வியிடம் பேசிவிட்டுத் திரும்பியபோது கனி என்னை ஓரமாக அழைத்தாள்.

"அண்ணாச்சி, கதிரேசன் செத்துட்டான்னு எங்களுக்கெல்லாம் தெரியும்."

"எப்பத்தில இருந்து?"

"அந்தக் காதுகுத்துல இருந்து. இத்தன பேரு அழுத காதுகுத்த எங்கயாவது கேட்டிருக்கியளா? கடைல போயி புஸ்தகத்த வாங்கிப் பாத்துட்டேன். இவளுககிட்டயும் சொன்னேன். மதலேனக்காளுக்கு மட்டும் தெரியாது. பேச்சிக்காளுக்கு எங்களுக்குத் தெரியும்னு தெரியாது."

"பெறகு ஏன் கேட்டுக்கிட்டிருந்தீங்க?"

கனி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஒங்களுக்கு வருத்தமா இருக்கும். அக்கா சொன்னதுதான் நல்லாருந்துச்சு" என்றாள்.

நான் விடைபெறும் நேரம் மதலேனம்மாள் எழுந்து வந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. துட்டி வீட்டில் எல்லோரும் இருக்கும்போது, கூச்சமே இல்லாமல் கேட்டார். "அண்ணாச்சி, தூத்துக்குடில எறங்குனான்லா, அவன் என்ன ஆனான்? பேச்சி சொல்லாம போயிட்டாளே."

ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்லிரு என்று போன வாரம் எவ்வளவு சுலபமாகத் தொலைபேசியில் சொன்னேன்! எதிரில் அந்த முகம் இருந்தது. பேச்சியம்மாளுக்கு அன்றைக்கு ஏன் வாய் வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"வந்துட்டாம்மா. வீட்டுக்கு வந்துட்டான்" என்றேன்.

"சாப்பிட்டானா?"

நாற்பது வருஷமாகக் கதை எழுதுகிறவனுக்கு ஒரு சோற்றைக்கூட உடனே எடுத்து வைக்கத் தெரியவில்லை. "நேரங்கெட்ட நேரத்துல வந்தான். பழைய சோறுதான் இருந்தது" என்று உளறினேன்.

மதலேனம்மாள் தலையை ஆட்டினார். "பசில வந்தவன் பழஞ்சோத்தையும் வழிச்சுத் தின்னுருப்பான். ஆனா பிள்ளைய அதோட விட்டுறாதிய அண்ணாச்சி. நீங்க எழுதும்போது மறுநாளைக்காவது மீன் வாங்கி ஆக்கிப் போடச் சொல்லுங்க."

பேச்சியம்மாள் பயந்த கேள்வியை அந்த அம்மாள் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. ஊரார் பிள்ளை பசியாறுவதைத்தான் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பத்திரிகை ஆசிரியரை அழைத்து, அவர் கையில் ஏற்கெனவே இருந்த அத்தியாயங்களை நிறுத்தச் சொன்னேன். அவர் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. மறுபடி பேட்டைக்குப் போய் கனியிடமும் மற்றவர்களிடமும் உட்கார்ந்து, பேச்சியம்மாள் ஏழு வாரம் சொன்னதை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். ஒருத்தி மறந்ததை இன்னொருத்தி சொன்னாள். துக்கத்துக்காகப் பதினாறு நாள் வாசிப்பை நிறுத்தி வைத்திருந்தார்கள். அவர்கள் மறுபடி இதழைப் பிரிப்பதற்குள் அச்சிலும் கதிரேசன் கரையேறிவிட்டான். பார்சல் ஆள் மாறி வந்தது, கொழும்பு, சாயாக்கடை, துறைமுகம்வரை வந்து திரும்பிப் போன கூச்சம், எல்லாம் பேச்சியம்மாளுடையது. நீங்கள் திட்டிக்கொண்டே படித்த அந்த அத்தியாயங்களில் என்னுடையது எழுத்துக்கூட்டியது மட்டும்தான்.

மீனுக்காகவும் திட்டியிருந்தீர்கள். நாலு பாகமாக வெங்காயம்கூட யோசித்துச் சேர்க்கிற சைவ வீட்டில் மீன் குழம்பா என்று கேட்டீர்கள். உண்மைதான். கதிரேசன் கடலில் பழகிய நாக்கோடு வந்திருக்கிறான். அதற்காகக் கதிரேசனின் தாய், அறுபது வயதில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முதல் தடவையாக மீன் கடைக்குப் போகிறாள். எது நல்ல மீன் என்று கேட்கத் தெரியாமல் ஓரமாக நிற்கிறாள். கேட்டவர் யார் என்று அங்கே போட முடியாததால், மாற்றிய பெயரிலாவது இங்கே சொல்கிறேன். மதலேனம்மாள் கேட்டார், வைத்தேன். அடுத்த வீட்டுக்கு வாசனை போகட்டும்.

இப்போது செல்விதான் வாசிக்கிறாள். அந்த அத்தியாயம் வந்த அன்று மதியம் அவளே அழைத்தாள். "மதலேனத்த சிரிச்சாவ மாமா. 'பாவம், அந்தம்மாளுக்கு மீனு வாங்கத் தெரியல. செவுளத் தூக்கிப் பாக்கணும். நான் கூடப் போயிருந்தா நல்ல மீனா பாத்து வாங்கிக் குடுத்திருப்பேன்'ன்னாவ. பொறவு, 'எம்புள்ள அமலனுக்குச் சாள மீனுதான் பிடிக்கும்'னாவ. அவிய மகன் பேரு அதுன்னு எங்களுக்கு இன்னைக்குத்தான் தெரியும்" என்றாள். (இந்தப் பெயரும் நான் வைத்ததுதான்.) இந்தக் கட்டுரை வரும் இதழில் இந்தப் பக்கத்தை மட்டும் அங்கே வாசிக்க வேண்டாம் என்று செல்வியிடம் சொல்லியிருக்கிறேன். நீங்களும் பேட்டைப் பக்கம் போனால் வாயைத் திறக்காதீர்கள்.

பேச்சியம்மாளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒரு பயம். அச்சில் என் கதையைப் படிக்கிறவர்களின் முகம் எனக்குத் தெரியாது. அதனால்தான் அவ்வளவு தைரியமாகக் கொன்றேன். முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்தவருக்கு வாய் வரவில்லை. இனி ஒரு சாவை எழுத உட்கார்ந்தால், இதை யார் யாருக்கு முன்னால் வாய்விட்டுப் படிப்பார்கள் என்ற பயம் எனக்கு வரும், வர வேண்டும். கதிரேசன் விஷயத்தில் நீங்கள் என்னைத் திட்டுவதானால் தாராளமாகத் திட்டுங்கள், அவனைத் திரும்பக் கடலுக்கு அனுப்பச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள். நான் பெற்றுக் கடலில் போட்டவன் அவன். ஏழு வாரம் கஞ்சி ஊற்றி எழுப்பிக் கரை சேர்த்தவர் பேச்சியம்மாள். அவன் அவருடைய பிள்ளை.